எண்ணிக்கையில் தோற்கும் நிறங்கள்

இரண்டு அசையும் படங்களை ஒன்றாக இணைத்தால் நிறம் கெட்டுப்போகிறது என்ற புகாருக்கு இப்போது எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றே: 'மோடை ஆர்ஜிபிக்கு மாற்று, அப்புறம் ஒட்டு.' அரை நிமிடக் காணொளி போடுபவர்கள் முதல் வகுப்பெடுத்துக் கற்றுத்தருபவர்கள் வரை இதையே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்திக் காட்டுகிறார்கள். பாடம் அத்துடன் முடிந்துவிடுகிறது. இணைத்து முடித்த ஜிஃப்பில் ஒரு முகமோ பூவோ சாம்பல் பூத்துக் கிடந்தால், 'ஜிஃப்புக்கு மொத்தமே 256 நிறம்தான், அதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும்' என்ற சமாதானமும் தயாராக இருக்கிறது. அந்த மருந்து பாதி சரி. அந்தச் சமாதானம் முழுக்கத் தவறு. இரண்டும் சேர்ந்து ஒரு சோம்பேறித்தனத்தைத் தொழில்நுட்பத்தின் தலைவிதியாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன என்பதே என் நெடுநாள் குற்றச்சாட்டு.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 1878-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த ஓடும் குதிரைப் படவரிசை ஜிஃப்பாக எங்கும் கிடைக்கிறது. கறுப்பு, வெள்ளை, இடையில் சாம்பலின் படிகள் தவிர அதில் வேறு நிறம் இல்லை. அதைக் கிம்ப் மென்பொருளில் திறந்து, ஒரு பஞ்சவர்ணக்கிளி ஜிஃப்பின் லேயர்களை அதன் மேல் இழுத்துப் போட்டால் கிளி மொத்தமும் சாம்பலாகிவிடும். முதலில் திறந்த படத்தின் வண்ணத்தட்டே, அதாவது அது பயன்படுத்தும் நிறங்களின் பட்டியலே, கோப்பின் சட்டம். பின்னால் வரும் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் அந்தத் தட்டில் தனக்கு மிக அருகில் இருக்கும் நிறத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றிக் கிளியை முதலில் திறந்தால், குதிரையின் சாம்பலுக்குள் பச்சையும் பழுப்பும் ஏறும். ஒட்டுவதற்கு முன்பே ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தட்டு என்ற கட்டுப்பாடே எடுபட்டுவிடுகிறது, இரண்டு படங்களும் தத்தம் நிறத்தோடு அருகருகே உட்காருகின்றன. ஃபோட்டோஷாப்பிலும் இதே கதைதான். இந்த அளவில் அந்த அறிவுரை சரியானது, அவசியமானது. புதிதாகப் பழகுகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியதும் இதுவே.

ஆனால் ஜிஃப்பாக வெளியே போக வேண்டிய படம் ஆர்ஜிபியிலேயே இருந்துவிட முடியாது. எக்ஸ்போர்ட் செய்யும் நொடியில் மென்பொருள் அத்தனை நிறங்களையும் மறுபடி 256-க்குள் அடக்குகிறது. உள்ளே நுழையும்போது காப்பாற்றிய நிறத்தை வெளியேறும் வாசலில் பறிகொடுக்கிறோம். எந்த 256 என்று யார் முடிவு செய்தது, எந்த நியாயத்தில் முடிவு செய்தது, அந்த முடிவில் படத்தை உருவாக்கியவருக்குப் பங்கு இருந்ததா என்ற கேள்விகளைப் பாடம் நடத்துகிறவர்கள் எழுப்புவதே இல்லை. நிறப் பிரச்சினையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்தச் சமாதானத்தைப் பார்த்துவிடலாம். 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு உருவாக்கிய வடிவம் ஜிஃப். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். அந்தப் பைட் நேரடியாக நிறத்தைச் சொல்வதில்லை, தட்டில் எத்தனையாவது நிறம் என்பதைச் சொல்கிறது. ஆகவே ஒரு தட்டுக்கு அதிகபட்சம் 256 நிறம். இதுவரை சரி. ஒரு கோப்புக்கு ஒரு தட்டுதான் என்று அந்த வடிவம் எங்கும் சொல்லவில்லை. கோப்பின் தொடக்கத்தில் ஒரு பொதுத் தட்டு வைக்கலாம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு படமும் விரும்பினால் தனக்கென ஒரு தனித் தட்டைக் கொண்டுவரலாம். இந்த வசதி 1987-இன் முதல் வடிவத்திலேயே இருந்தது. ஃபிரேம்களுக்கிடையே காத்திருப்பு நேரமும், ஒளிபுகும் நிறமும்கூட 1989-இல் வந்த 89ஏ பதிப்பில்தான் சேர்ந்தன. நாற்பது ஃபிரேம் உள்ள ஜிஃப் ஒன்று நாற்பது தட்டுகளைச் சுமக்கலாம், ஒவ்வொன்றிலும் 256 புதிய நிறங்கள் இருக்கலாம். 'ஜிஃப்புக்கு 256 நிறம்தான்' என்று சொல்கிறவர்கள் தாங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பழக்கத்தை அந்த வடிவத்தின் இலக்கணமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கிம்ப்பில் ஒரு படத்துக்கு ஒரே வண்ணத்தட்டுதான் இருக்க முடியும். எத்தனை லேயர் இருந்தாலும் அத்தனையும் அந்த ஒன்றைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஃபோட்டோஷாப்பின் இணையச் சேமிப்பு உரையாடலும் எல்லா ஃபிரேம்களுக்கும் சேர்த்து ஒரே நிற அட்டவணையைத்தான் காட்டுகிறது. தனித்தனியாக இருந்தபோது இரண்டு ஜிஃப்களிடமும் சேர்த்து 512 நிறங்கள் வரை இருந்தன. இணைத்தபின் மிஞ்சுவது 256. நிறம் பாதியானதற்கு வடிவம் காரணமில்லை, இணைத்த விதம்தான் காரணம்.

பாதியானால் பாதி அழகாவது மிஞ்சும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. எந்த நிறங்கள் பிழைக்கின்றன என்பதைத் தீர்மானிக்கும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

பால் ஹெக்பர்ட் 1982-இல் சிக்ராஃப் மாநாட்டில் வெளியிட்ட நடுவெட்டு முறை இன்றைய பெரும்பாலான தட்டுத் தயாரிப்பு முறைகளுக்கு முன்னோடி. படத்தின் எல்லாப் பிக்சல்களையும் அவற்றின் நிறத்தை வைத்து ஒரு பெட்டிக்குள் அடுக்கியதாகக் கொள்ளுங்கள். பெட்டியை இரண்டாக வெட்ட வேண்டும், வெட்டும் இடம் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் பிக்சல்கள் விழும் இடமாக இருக்க வேண்டும். கிடைத்த பெட்டிகளை மறுபடி அதேபோல் வெட்ட வேண்டும். 256 பெட்டிகள் ஆனதும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் அதிலுள்ள பிக்சல்களின் சராசரி நிறத்தைக் கொடுத்துவிட வேண்டும். அழகான, வேகமான முறை. அதன் காலத்துக்கு அது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது எண்ணுவது பிக்சல்களை மட்டுமே. எந்தப் பிக்சல் முகத்தில் இருக்கிறது, எது சுவரில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 480-க்கு 270 பிக்சல் அளவில் ஒரு ஜிஃப். குளக்கரைக் கம்பில் ஒரு சிறிய மீன்கொத்தி, நீல முதுகு, ஆரஞ்சு மார்பு. பின்னால் முழுக்கப் பாசிப் பச்சைத் தண்ணீர். ஒரு ஃபிரேமில் மொத்தம் 1,29,600 பிக்சல்கள். அதை 256 பெட்டிகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் பெட்டிக்குச் சுமார் 506 பிக்சல்கள் வரும். பறவையின் மார்பு 700 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு பக்கம் இருபத்தாறு பிக்சல் கொண்ட சிறு சதுரத்தின் அளவு. 506-ஐத் தாண்டிவிட்டதால் ஆரஞ்சுக்குத் தட்டில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. தனி ஜிஃப்பாக இருக்கும்போது அந்த மார்பு ஆரஞ்சாகவே தெரியும்.

இப்போது அதே அளவும் அதே எண்ணிக்கை ஃபிரேமும் கொண்ட இன்னொரு ஜிஃப்பை அதன் பின்னால் இணைக்கிறோம். அது வெறும் மாலை வானமாகவே இருக்கட்டும். பிக்சல்கள் இரட்டிப்பாகிவிட்டன, பெட்டிகள் அதே 256. தட்டில் இடம் பிடிக்க ஒரு நிறம் இப்போது தன் ஃபிரேமில் சுமார் 1,012 பிக்சல்கள் வைத்திருக்க வேண்டும். மார்பிடம் இருப்பது 700 மட்டுமே. அதனால் அது தன் பெட்டியை இழந்து, பக்கத்தில் இருக்கும் கம்பின் பழுப்போடும் நாணலின் மஞ்சளோடும் ஒரே பெட்டியில் அடைபடுகிறது. சராசரி எடுத்ததும் ஆரஞ்சு போய்ச் சேற்று நிறம் வருகிறது. வானத்தின் நீலத்திலிருந்து ரோஜா நிறம்வரை நூறு நுண்ணிய படிகள் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் பத்தை எடுத்துவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் பறவைக்குக் கொடுக்க ஒரே ஓர் இடம்கூட இல்லை.

பின்னால் வந்த மென்பொருள்கள் எண்ணிக்கையோடு நிறத்தின் வீச்சையும் கணக்கில் சேர்த்து இந்த அநியாயத்தைத் தணித்திருக்கின்றன என்பது உண்மை. நான் போட்ட கணக்கு ஹெக்பர்ட்டின் அசல் முறைக்கானது, இன்றைய கருவியில் எண்கள் சற்றே மாறும். ஆனால் போக்கு மாறாது. பரப்பளவு அதிகம் உள்ளது ஜெயிக்கும், சின்னது தோற்கும். படத்தில் சின்னதாக இருப்பதுதான் பல நேரம் பார்க்கப்பட வேண்டியது. பறவையைப் பார்க்கத்தானே அந்த ஜிஃப்பை எடுத்தோம்? தண்ணீரைப் பார்க்கவா?

தமிழில் எழுத்து ஏற்றிய ஜிஃப்களில் இதே குறை வேறு விதமாகத் தலைகாட்டுகிறது. வடிவேலுவின் முகபாவனை ஒன்றோடு இன்னொரு காட்சியை ஒட்டி, கீழே ஒரு வரி வசனம் போடுவது இன்று அன்றாடப் பழக்கம். தமிழ் எழுத்து பெரும்பாலும் வளைவுகளால் ஆனது. 'ஞ', 'ழ', 'ணி' போன்றவற்றின் விளிம்பு திரையில் வழுவழுப்பாகத் தெரிய வேண்டுமானால், எழுத்தின் வெள்ளைக்கும் பின்னணிக்கும் இடையே பல இடைநிறங்கள் வேண்டும். அந்த இடைநிறங்கள் ஒவ்வொன்றும் சில பத்துப் பிக்சல்களில்தான் இருக்கும். எண்ணிக்கையில் முதலில் அடிபடுவது அவைதான். விளைவு, எழுத்தின் சுழிகள் அடைபட்டு, விளிம்பு பல்லுப் பல்லாகி, ஒற்றெழுத்துக்கு மேல் வைத்த புள்ளி பின்னணியில் கரைந்துவிடுகிறது. எழுத்துருவைக் குறை சொல்லிவிட்டு வேறு எழுத்துரு தேடுகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். எழுத்துருவில் ஒரு பிழையும் இல்லை. வசனத்துக்கு வேண்டிய ஏழெட்டு இடைநிறங்களைத் தட்டில் ஒதுக்கி வைத்திருந்தால் போதும், அதே எழுத்துரு அழகாக வந்திருக்கும்.

முகத்துக்கும் இதே கதிதான். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் ஒரு மாநிற முகம் பல பழுப்புப் படிகளால் ஆனது. கன்னத்தின் மேடும் கண்ணுக்குக் கீழுள்ள நிழலும் அந்தப் படிகளில்தான் இருக்கின்றன. பளீரென்ற வயல்வெளியோ மேடை விளக்குகளோ நிறைந்த இன்னொரு காட்சியோடு ஒரே தட்டைப் பகிர்ந்துகொண்டால், அந்தப் படிகளில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். முகம் தட்டையாகிப் பட்டை பட்டையாகத் தெரியும். நடிப்பு முழுவதும் அந்த நுண்ணிய நிழல்களில்தான் இருந்தது, அது போய்விட்டது.

இந்த இடத்தில் மென்பொருள் ஒரு மூடுதிரையை நீட்டுகிறது. டிதரிங் என்று அதற்குப் பெயர். தட்டில் இல்லாத நிறத்தைத் தட்டில் உள்ள இரண்டு மூன்று நிறங்களின் புள்ளிகளைத் தூவித் தோற்றுவிக்கும் வித்தை. ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் இருவரும் 1976-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அதிகம் புழங்குகிறது. ஒரு பிக்சலில் ஏற்படும் நிறப் பிழையைப் பதினாறு பங்காக்கி, ஏழு பங்கை வலப்பக்கத்துப் பிக்சலுக்கும், மீதியை ஐந்து, மூன்று, ஒன்று என்று கீழ்வரிசையில் இருக்கும் மூன்று பிக்சல்களுக்கும் தள்ளிவிடுவது. அசையாத படத்துக்கு அது அற்புதம். அசையும் படத்தில் அதுவே வினையாகிறது. பறவை தலையைத் திருப்பினால் அந்த இடத்துப் பிழைகள் மாறுகின்றன. மாறிய பிழை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் பரவி, அசையவே அசையாத தண்ணீரிலும் புள்ளிகள் இடம் மாறுகின்றன. ஃபிரேமுக்கு ஃபிரேம் பின்னணி எறும்பு ஊர்வதுபோல் நெளிகிறது. பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் உறுத்தும்.

இணைக்க எடுத்த ஜிஃப்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு முறை டிதரிங் ஆனவை என்பது இன்னும் மோசம். முன்பு யாரோ தூவிய புள்ளிகளை மென்பொருள் படத்தின் உண்மையான நிறமாகவே எடுத்துக்கொள்கிறது. நடுவில் அளவையும் மாற்றினால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து ஆயிரக்கணக்கான புதுக் கலவைகள் பிறக்கின்றன. அவற்றை மறுபடி 256-க்குள் நெருக்கி, மறுபடி புள்ளி தூவுகிறோம். இரண்டு சுற்றுக்குப் பிறகு படத்தில் மூலத்தின் நிறம் எது, தூசி எது என்று யாராலும் பிரிக்க முடியாது. மூலக் காணொளி கையில் இருந்தும் ஜிஃப்பை ஜிஃப்போடு இணைக்கிறவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. மூலத்திலிருந்து ஒரே ஒரு முறை தட்டு தயாரித்தால் இந்தச் சீரழிவில் பாதி இல்லாமலே போகும்.

ஒரே தட்டுக்கு ஆதரவாக ஒரு சிக்கன வாதம் உண்டு: தனித் தட்டுகள் கோப்பைக் கனமாக்கும் என்று. கணக்கைப் பார்க்கலாம். ஒரு முழுத் தட்டின் எடை 256 நிறம், நிறத்துக்கு மூன்று பைட், ஆக 768 பைட். இரண்டாவது ஜிஃப்பில் நாற்பது ஃபிரேம் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு கொடுத்தாலும் மொத்தம் 30,720 பைட், அதாவது 30 கிலோபைட். மறுபக்கம், ஜிஃப்பின் எல்இசட்டபிள்யூ சுருக்கமுறை திரும்பத் திரும்ப வரும் பிக்சல் வரிசைகளைக் கண்டுபிடித்துத்தான் கோப்பைச் சிறிதாக்குகிறது. டிதரிங் அந்த வரிசைகளைத்தான் முதலில் சிதைக்கிறது. நம் மீன்கொத்தி ஜிஃப்பின் ஒரு ஃபிரேம் சுருக்காத நிலையில் சுமார் 1,30,000 பைட். தண்ணீர்ப் பரப்பு முழுக்கப் புள்ளி தூவினால் அதைச் சுருக்குவதற்குச் சுருக்கமுறையிடம் பிடிப்பே இருக்காது. தட்டில் மிச்சம் பிடித்த 768 பைட்டுக்காக ஒவ்வொரு ஃபிரேமிலும் பல ஆயிரம் பைட்டைக் கொட்டுகிறோம். இதைச் சிக்கனம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு வாதம் உண்மையிலேயே வலுவானது. ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று கொடுத்தால், அசையாத பின்னணியும் ஒவ்வொரு தட்டிலும் சற்றே வேறுபட்ட நிறமாக வந்து படம் மினுக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு விடை மொத்தக் கோப்புக்கும் ஒரே தட்டு என்பதாக இருக்க முடியாது. காட்சிக்கு ஒரு தட்டு என்பதே சரியான விடை. மீன்கொத்தியின் ஃபிரேம்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று, வானத்தின் ஃபிரேம்களுக்கு இன்னொன்று. காட்சிக்குள் நிறம் நிலையாக நிற்கும். காட்சி மாறும் நொடியில் படமே மாறிவிடுவதால் தட்டு மாறுவது யார் கண்ணுக்கும் தெரியாது.

இதைச் செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எடி கோலர் எழுதிய கிஃப்சிகிள் என்ற சிறிய கட்டளைவரி நிரல், இரண்டு ஜிஃப்களை இணைக்கச் சொன்னால் நிறங்கள் 256-ஐத் தாண்டும்போது தானாகவே தனித் தட்டுகளுக்குப் போய்விடுகிறது. ஒரு நிறத்தையும் கொல்வதில்லை. அப்படிச் செய்துவிட்டதாக ஓர் எச்சரிக்கையும் காட்டி, வேண்டுமானால் 256 நிறத்துக்குக் குறைத்துப் பார்க்கலாமே என்று ஒரு குறிப்பும் தருகிறது. எச்சரிக்கையைக் கண்டதும் ஏதோ பிழை நடந்துவிட்டதாகப் பயந்து அந்தக் குறிப்பை அப்படியே தட்டச்சு செய்துவிடுகிறார்கள். சரியாக வந்த வேலையைத் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள்.

காணொளிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் 2015 வாக்கில் வந்த தட்டு தயாரிக்கும் வடிப்பான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டும் எண்ணு என்று அதனிடம் சொல்லலாம். அசையாத தண்ணீர் கணக்கிலேயே வராது, அசையும் பறவைக்குத் தட்டில் இடம் கிடைக்கும். மொத்தப் பரப்பளவையும் எண்ணுவது நியாயமில்லை என்பதை அந்த நிரலை எழுதியவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? புள்ளி நெளிவதற்கும் அங்கேயே மருந்து உண்டு. டிதரிங்குக்குப் பேயர் முறையைத் தேர்ந்தெடுத்தால் புள்ளிகள் நிலையான கட்டத்தில் நிற்கும், அசையாத பின்னணி அசையாமல் இருக்கும். ஃபோட்டோஷாப்பில் இன்டெக்ஸ்டு நிறத்துக்கு மாற்றும் முன் படத்தின் ஒரு பகுதியைத் தேர்வு செய்து வைத்தால், தட்டு அந்தப் பகுதியின் நிறங்களுக்கு முன்னுரிமை கொடுத்துத் தயாராகும். இணையச் சேமிப்பு உரையாடலில் வேண்டிய நிறத்தைப் பூட்டியும் வைக்கலாம், பிறகு எத்தனை நிறம் குறைத்தாலும் அது போகாது. கிம்ப்பில் நாமே ஒரு தட்டு செய்து கொடுக்கலாம். இவ்வளவும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. எந்தப் பாடத்திலும் இவை வருவதில்லை.

ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு ஜிஃப்களை அருகருகே வைப்பது வேறு விஷயம். அங்கே ஒரு ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்ற வரம்பு நிஜமானது. கோட்பாட்டளவில் ஒரு ஃபிரேமையே பல துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு தட்டு கொடுத்து, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரையச் சொல்லலாம். ஆனால் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக வைத்தால் உலாவிகள் அதை நொடியில் பத்தில் ஒரு பங்காக நீட்டிவிடுவதால் அது பயன்படாது. இங்கே 256-ஐப் பங்கு பிரித்தே ஆக வேண்டும். அப்படியானால் கட்டாயம் ஒரு மனிதர் உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும். குதிரைக்கு முப்பத்திரண்டு சாம்பல் போதும், மீதியைக் கிளிக்குக் கொடு என்று முடிவெடுக்க ஒரு கண் வேண்டும். எண்ணிக்கையிடம் விட்டால், பெரிய வெள்ளைச் சுவரின் முன்னால் ஓடும் குதிரை, சுவரின் நுண்ணிய சாம்பல்களுக்காகக் கிளியின் சிவப்பைத் தின்றுவிடும்.

கடைசியாக ரசனையின் பெயரால் வரும் ஒரு வாதம். பட்டை விழுந்த நிறமும் புள்ளி தூவிய பரப்பும் ஜிஃப்பின் அழகு, பழைய கணினித் திரையின் வாசனை, அதைத் திருத்தக் கூடாது என்கிறார்கள். இப்போது இது ஒரு மோஸ்தர். குறைந்த நிறங்களில் வேலை செய்யும் கலை உயர்ந்த கலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. பதினாறு நிறத்தில் ஒரு மழைக்காலத்தையே வரைந்து காட்டிய பிக்சல் ஓவியர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அந்தப் பதினாறையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். வானத்துக்கு எடுத்த நீலத்தையே நிழலுக்கும் பயன்படுத்தலாம் என்று யோசித்து, ஒரு நிறத்துக்கு இரண்டு வேலை வாங்கினார்கள். ஒரு நிரல் பிக்சல்களை எண்ணிப் போட்ட தட்டில், யாரும் பார்க்காமல் ஒரு பறவையின் மார்பு சேறானதை அந்தக் கலையோடு சேர்த்துப் பேசுவது அந்த ஓவியர்களை அவமதிப்பது. குறைத்து வைப்பது வேறு, குறைந்துபோனதைப் பார்க்காமல் இருப்பது வேறு.

ஜிஃப்பையே விட்டுவிட்டு வெப்பி, ஏபிஎன்ஜி போன்ற வடிவங்களுக்குப் போய்விடலாமே என்றால், போகக்கூடிய இடத்தில் தாராளமாகப் போகலாம். அவை முழு நிறத்தையும் தாங்கும். மின்னஞ்சல் செய்திமடல் போலப் பல இடங்களில் இன்னும் ஜிஃப்தான் கேட்கிறார்கள். சமூக ஊடகங்கள் நாம் ஏற்றும் ஜிஃப்பை உள்ளுக்குள் காணொளியாக மாற்றிவிடுகின்றன என்பதும் ஆறுதலாகாது. ட்விட்டர் 2014-லேயே அப்படிச் செய்யத் தொடங்கியது. காணொளிச் சுருக்கமுறைக்குப் புள்ளி தூவிய பரப்பைவிடப் பெரிய எதிரி இல்லை. அந்தப் புள்ளிகளைக் காப்பாற்றவே தன் பைட்டுகளைச் செலவழித்துவிட்டு முகத்தை மேலும் மசமசப்பாக்கிவிடும். தட்டில் செய்த தவறு அங்கேயும் பின்தொடர்கிறது.

கற்றுத்தருகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். 'ஆர்ஜிபிக்கு மாற்று' என்று சொல்லிக்கொடுங்கள், ஆனால் அதோடு பாடத்தை முடிக்காதீர்கள். எக்ஸ்போர்ட்டுக்கு முன் வண்ணத்தட்டைத் திறந்து காட்டுங்கள். படத்தில் எது போகக் கூடாது என்று மாணவரைக் கேளுங்கள். அந்த நிறத்தை அவர் கையாலேயே பூட்டச் சொல்லுங்கள். காட்சிக்கு ஒரு தட்டு என்பதையும், டிதரிங்கை நிறுத்திவிட்டு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.